ரொதாந்தி மாட்டிய செயின்

மனூசோஸின் பிக்கப் கிளம்புகிற சத்தத்தைக் கேட்ட பிறகுதான் மேல் ப்ளாகாவில் பாதி வீடுகளில் காப்பிக்கு அடுப்பு பற்றவைப்பார்கள். மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர். ஒரு வீட்டு முற்றம் அடுத்த வீட்டுக் கூரைக்கு நேராக இருக்கும். மேல் வீட்டில் யாராவது தும்மினால் கீழ் வீட்டிலிருந்து வாழ்த்துவார்கள்.

அன்று காலை சாவியைத் திருப்பியதும் வந்தது வேறு சத்தம். தகர டப்பாவில் ஆணிகளை அள்ளிப்போட்டுக் குலுக்கினாற்போலக் கலகலவென்று கிளம்பி, இன்ஜின் இருமி, வெள்ளைப் புகையை முற்றம் நிறையக் கக்கிவிட்டு அடங்கியது. மனூசோஸ் மறுபடி திருப்பினான். அதே கலகலப்பு, அதே இருமல்.

அடுப்படியில் பார்லி ரஸ்க்கின் மேல் தக்காளியைத் துருவிக்கொண்டிருந்த அவன் மனைவி ரொதாந்தி, துருவலை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"சாவியில இருந்து கையை எடு, மனூசோஸ்."

"பேட்டரி செத்துப்போச்சு. பின்னால உருட்டிவிட்டா பிடிச்சுக்கும்."

"பேட்டரி இல்ல. இறங்கு."

"நீ தள்ளி நில்லு. ஒரு உருட்டு உருட்டினா தன்னால கிளம்பும்."

வண்டி எப்போதும்போல மூக்கை மேட்டைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றது. பின்னால் தீவன மூட்டைகள். அதற்குப் பின்னால் சரிவு. ரொதாந்தி நேராக வண்டியின் பின்பக்கம் போய், கதவுத் தகட்டில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"உருட்டு. என் மேல உருட்டு."

கண்ணாடியில் அவள் தலைமுடி மட்டும் தெரிந்தது. மனூசோஸ் கொஞ்ச நேரம் அந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இறங்கிக் கதவைப் படாரென்று சாத்தினான்.

"என்னதான் ஆச்சு சொல்லித் தொலை."

"செயின் பல்லு தாண்டியிருக்கு. இந்த நேரத்துல இன்ஜினைச் சுத்தவிட்டா பிஸ்டன் மேல ஏறி வால்வை இடிச்சுடும். அதுக்கப்புறம் இதுல கோழிதான் அடைக்கணும்."

"செயினா? நீ மாட்டின செயினா?"

அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கேட்டது மட்டும் கொஞ்சம் உரக்கக் கேட்டுவிட்டான். மேல் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். காப்பிக்கடைப் பக்கமிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

நீ மாட்டின செயினா என்பது அந்த ஊரில் சாதாரணக் கேள்வி இல்லை. ரொதாந்தி கல்யாணத்துக்கு முன்னால் இராக்லியோ துறைமுகத்துப் பக்கம் லாரி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவள். மனூசோஸைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தபோது பெட்டியில் துணி கொஞ்சம், ஸ்பேனர்கள் நிறைய. வீட்டின் கீழ்க்கட்டில் ஆடு அடைத்திருந்த இடத்தைக் கழுவி ஒர்க்‌ஷாப் போட்டாள். ஊர்க்காரர்கள் வந்தார்கள், வராமல் என்ன. மருந்தடிக்கிற பம்பு, மரம் அறுக்கிற ரம்பம், ஓட்டை விழுந்த குழாய், இப்படி. பிக்கப்பை மட்டும் கீழே ரெதிம்னோ டவுனுக்கு ஓட்டிப்போவார்கள். மலைக்காரனுக்கு பிக்கப் என்பது வண்டி மட்டும் இல்லை. மீசைக்கு அடுத்த சொத்து. அதை ஒரு பெண் பிரித்துப்போட்டுப் பார்ப்பதா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் தன் புருஷன் வண்டியையே பிரித்தாள். உள்ளே இருக்கிற இரண்டு செயினையும் மாற்றி, முற்றத்தில் எல்லோரும் பார்க்க மூடி, கிளப்பிக் காட்டினாள். அந்தச் சத்தம் காலைதோறும் ஊர் முழுக்கக் கேட்டது. ஒரு குளிர்காலம் கேட்டார்கள். அடுத்த வசந்தத்தில் முதல் பிக்கப் அவள் வாசலில் வந்து நின்றது. அதற்கப்புறம் அவள் யாரையும் கூப்பிட்டதில்லை. மனூசோஸின் வண்டிதான் அவளுடைய பெயர்ப்பலகை.

இப்போது அந்தப் பெயர்ப்பலகை ஆணி டப்பாவாகக் குலுங்கியதை ஊரே கேட்டுவிட்டது.

காப்பிக்கடையிலிருந்து வார்திஸ் இறங்கி வந்தான். அவர்கள் மகளை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தி நின்றவன். அந்த உறவுக்கு அங்கே சிந்தெக்னோ என்று பேர், பெண்ணானால் சிந்தெக்னிசா. கூடப்பிறந்தவனுக்கு ஒரு படி மேல். கூடப்பிறந்தவன் சொல்லத் தயங்குவதையும் சிந்தெக்னோ சொல்லலாம், வார்திஸ் அந்தச் சலுகையை ஒருநாளும் வீணாக்கியதில்லை.

"என்ன சிந்தெக்னே, காலங்காத்தால வாத்தியம் வாசிக்கிற?"

"செயினாம்," என்றான் மனூசோஸ்.

"அது புதுசுல்ல? போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான மாட்டினாங்க?" வார்திஸ் ரொதாந்தியைப் பார்க்காமல் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னான். "கம்பெனிச் செயின் பத்துப் பதினைஞ்சு வருஷம் ஓடுச்சு."

"பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்," என்றாள் ரொதாந்தி.

"பாரு, பாரு. நான் குத்தம் சொல்லல, சிந்தெக்னிசா. உன் கை பம்புக்கு நல்ல கை. என் வண்டிக்குச் செயின் வரவழைச்சு வச்சிருக்கேன்னு சொன்னியே, அது இருக்கட்டும். ரோமக் கத்தரிப்பு முடிஞ்சதும் நான் கீழயே கொண்டுபோய்ப் பாத்துக்கிடுறேன். உனக்கும் சிரமம் வேணாம்."

ரொதாந்தி மனூசோஸைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தாள். என்ன வார்த்தை என்று அவளுக்கே தெரியாது, எதுவாயிருந்தாலும் போதும். அவன் மீசையின் ஒரு நுனியைக் கடித்துக்கொண்டு தீவன மூட்டையின் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அந்தச் செயினை நான் இதுல போட்டுக்கவா? ரெண்டும் ஒரே மாதிரி வண்டிதான?" என்று கேட்டாள்.

"போட்டுக்க, போட்டுக்க. மூட்டை ஏத்த என் வண்டிய எடுத்துக்க, மனூசோஸ். ஆடு பட்டினி கிடக்கக் கூடாதுல்ல." வார்திஸ் சாவியை எடுத்து நீட்டினான். வாய் எவ்வளவு கோணினாலும் வண்டி கொடுக்க மறுக்கிற ஆள் இல்லை அவன். சாயங்காலத்துக்குள் மலையின் ஒவ்வொரு ஆட்டுப்பட்டியிலும் இந்தச் செய்தி போய்ச் சேரும் என்பதும் ரொதாந்திக்குத் தெரியும்.

வரும் ஞாயிறு அவர்கள் பட்டியில் ரோமம் கத்தரிக்கிற நாள். மலையில் இருக்கிற மேய்ப்பர்கள் எல்லாரும் கத்தரியோடு வருவார்கள். கூலி கிடையாது, வயிறாரச் சோறுதான். அங்கே எது பேசப்படுகிறதோ அதுதான் அடுத்த கத்தரிப்பு வரைக்கும் பேச்சு. ரொதாந்தி வேலை தெரியாதவள் என்று அன்றைக்கு முடிவாகிவிட்டால், கீழ்க்கட்டில் திரும்பவும் ஆட்டை அடைக்க வேண்டியதுதான்.

*

அவள் முதலில் ரேடியேட்டரை இறக்கினாள். பிறகு விசிறி, பெல்ட்டுகள். கிராங்க் ஷாஃப்டின் முனையில் இருக்கிற பெரிய போல்ட் லேசில் வருகிற சாதி இல்லை. ஸ்பேனரில் ஆளுயரக் குழாயைச் செருகி, அதன் மேல் ஏறி நின்று, இரண்டு குதி குதித்தாள். மூன்றாவதில் கிறீச்சென்று இளகிக்கொடுத்தது. முகத்தில் வியர்வையோடு சேர்ந்து கரியும் வழிந்தது. கழற்றிய போல்ட்டுகளை ஒரு பழைய பாலாடைக்கட்டித் தட்டில் இருந்த வரிசை மாறாமல் அடுக்கினாள்.

முன்மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே கீழ்ச்செயின் கிராங்கிலிருந்து டீசல் பம்பின் பல்சக்கரத்துக்குப் போகிறது. மேல்செயின் அந்தப் பம்பிலிருந்து இரண்டு கேம் ஷாஃப்டுகளுக்கு ஏறுகிறது. கிராங்க் சுற்றினால் பிஸ்டன் ஏறி இறங்கும். கேம் சுற்றினால் வால்வு திறந்து மூடும். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் மயிரிழையில் விலகி விலகிப் போவதுதான் இன்ஜின். விலகவைப்பது செயின். சக்கரங்களில் ஆங்காங்கே ஒரு புள்ளி குத்தியிருக்கும். புள்ளிகள் எல்லாம் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும்.

கிராங்கைப் பக்குவமாக அதன் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தாள். பம்பு சக்கரத்தின் புள்ளி ஒரு பல் தள்ளி நின்றது. ஒரே ஒரு பல்.

வால்வு தப்பித்தது. ஆனால் ஏன் தாண்டியது?

செயினைக் கழற்றித் தொங்கவிட்டு அளந்தாள். நீளவில்லை. வழிகாட்டிக் கட்டைகள் உடையவில்லை, ஒன்றில் மட்டும் செயின் அறைந்த தடம் புதிதாக இருந்தது. செயினைத் தள்ளி இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரை விரலால் அழுத்தினாள். நன்றாகவே வேலை செய்தது. எண்ணெய்த் துவாரம் அடைக்கவில்லை. கெட்டுப்போன சாமான் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது மாட்டினவள் மட்டும்தான்.

ரொதாந்தி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு முந்திய அந்த நாளைக் கண்ணிக்குக் கண்ணியாக நினைத்துப் பார்த்தாள். எங்காவது அவசரப்பட்டேனா, யாராவது கூப்பிட்டுத் திரும்பினேனா? எவ்வளவு யோசித்தும் தன் கை தவறிய இடம் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாய் இருந்திருக்கும்.

வார்திஸின் மனைவி கலியோப்பி மூடிய பாத்திரத்தோடு வந்தாள். எண்ணெயில் பொரித்து வினிகர் தெளித்த நத்தை, மேலே ரோஸ்மேரி வாசம்.

"கையைக் கழுவு. தின்னு முதல்ல."

"பசிக்கல, கலியோப்பி."

"பசிக்காம என்ன. நத்தைய நான் நேத்து மழையில நனைஞ்சு பொறுக்கினேன். உன் மனவருத்தத்துக்கு ஆறிப்போக விடுவேனா?" ஊசியால் ஒன்றைக் கிளறி எடுத்து ரொதாந்தியின் வாயிலேயே வைத்தாள். "என் வீட்டுக்காரர் வாய்க்கு ஒரு பூட்டு செஞ்சு குடேன். எல்லாம் செய்யிற, அது ஒண்ணு செய்ய மாட்டேங்குற."

"அவர் சொன்னதுல என்ன தப்பு? செயின் தாண்டிருச்சு. நான்தான் மாட்டினேன்."

"நீ மாட்டினது தப்புன்னு உனக்குத் தோணுதா?"

"தோணல."

"அப்ப தின்னு."

அந்த நேரம் மனூசோஸ் வார்திஸின் வண்டியில் பட்டியிலிருந்து திரும்பி வந்தான். மேட்டைப் பார்த்து ஏற்றி, இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டுவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். வண்டி தன் பாரத்தோடு பின்னால் கொஞ்சம் சாய்ந்து, வெடுக்கென்று நின்றது. பானெட்டுக்குள் எங்கோ டொக் என்றது.

மேல் ப்ளாகாவில் அந்த டொக் சத்தத்தை ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கலாம். கோழி கொக்கரிப்பது மாதிரி, யாருக்கும் காதில் ஏறாது. ரொதாந்தி வாயில் இருந்த நத்தையை மெல்லாமல் நிறுத்தினாள்.

"மனூசோஸ். கொஞ்சம் முன்னால எடுத்து, திரும்ப அதே மாதிரி நிறுத்து."

"எதுக்கு?"

"நிறுத்தேன்."

நிறுத்தினான். டொக். அவள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை என்றாள். மூன்றாவது தடவை அவன் முணுமுணுத்துக்கொண்டே செய்தான். இன்ஜின் அணைந்திருக்க, வண்டியின் பாரம் சக்கரத்தை இழுக்க, சக்கரம் கியரை இழுக்க, முன்னால் கிராங்க் கப்பி இரண்டு விரல் அகலத்துக்குப் பின்பக்கமாகச் சுற்றி நின்றதை அவள் கண்ணால் பார்த்தாள்.

"ஹேண்ட் பிரேக் போடு," என்றாள்.

மனூசோஸ் சிரித்தான். "வார்திஸ் வண்டியிலயா? அது இருக்கிற இடமே அவனுக்குத் தெரியாது."

"உன் வண்டியில?"

"எதுக்குக் கேக்குற?"

"கடைசியா எப்பப் போட்ட?"

ரொதாந்தி தங்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஹேண்ட் பிரேக் நெம்புகோலின் மேல் கயிற்றுச் சுருள், கூழாங்கல், ஆட்டு மணி, ரஸ்க் தூள், எல்லாம் குவிந்துகிடந்தன. அவள் புதுக் கேபிள் போட்டுக் கொடுத்த நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை.

கலியோப்பிக்கு எங்கே பேச்சு போகிறதென்று புரியாவிட்டாலும், தான் அங்கே இருக்கக் கூடாது என்பது புரிந்துவிட்டது. பாத்திரத்தை வைத்துவிட்டு மெல்ல நழுவினாள்.

"தாண்டினதுக்குக் காரணம் நீதான், மனூசோஸ்," என்றாள் ரொதாந்தி. குரலில் கோபம் இல்லை. கண்டுபிடித்த சந்தோஷம்கூடக் கொஞ்சம் இருந்தது, அதை அவளால் ஒளிக்க முடியவில்லை. "இன்ஜின் ஓடும்போது செயினை இறுக்கிப் பிடிக்கிறது எண்ணெய் அழுத்தம். அணைச்சுட்டா அது தளர்ந்துரும். நீ மூட்டையோட மேட்டுல நிறுத்திக் கியர்ல விடுற. மொத்தப் பாரமும் அந்தச் செயின்ல தலைகீழாத் தொங்குது, விடிய விடிய. ஒரு பக்கம் இழுத்து, மறுபக்கம் தொங்கிப்போய், காலையில கிளப்புற அந்த ஒரு கணத்துல பல்லு தாண்டும். நேத்து எத்தனை மூட்டை ஏத்தின?"

"எங்கப்பா அப்படித்தான் நிறுத்துவார்."

"உங்கப்பா வண்டியில செயின் கிடையாது. பல்சக்கரம் பல்சக்கரத்தைக் கடிச்சுட்டு நிக்கும். மலையவே கட்டித் தொங்கவிட்டாலும் அசையாது."

"மேல பட்டியில ஹேண்ட் பிரேக் போட்டா ராத்திரிப் பனியில உறைஞ்சு ஒட்டிக்கும். காலையில சக்கரம் சுத்தாது. அதுக்குத்தான் இந்த மலையில எவனும் போடுறதில்ல."

"ஜனவரியில சரி. இப்ப ஜூன் மாசம், மனூசோஸ்."

அவன் கல்சுவரில் உட்கார்ந்தான். பாக்கெட்டைத் தடவி சிகரெட் எடுத்தான், பற்றவைக்கவில்லை. அந்த மலையில் ஒருத்தனை ஆடு திருடன் என்று சொன்னால் சிரித்துக்கொண்டே ராக்கிச் சாராயம் ஊற்றிக் கொடுப்பான். வண்டி ஓட்டத் தெரியாதவன் என்று சொன்னால் மூன்று தலைமுறை பேசாது.

"இதை ஞாயித்துக்கிழமை அங்க சொல்லப்போறியா?"

"நான் சொல்ல மாட்டேன்."

"யாராவது கேட்டா?"

"கேட்டா என்ன சொல்லணும்ங்கிற? நான் தப்பா மாட்டிட்டேன்னா?" அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "உன் மானத்தைக் காப்பாத்த வாயை மூடிக்கிட்டு இருப்பேன். ஆனா என் கையைப் பத்தி நானே பொய் சொல்ல மாட்டேன். அதைவிட ஆடு மேய்க்கப் போயிருவேன்."

மனூசோஸ் எழுந்து போய்விட்டான். அன்றைக்கு இரண்டு பேரும் உப்புப் போதுமா, ரொட்டி இருக்கா என்பதைத் தவிர வேறு பேசவில்லை.

*

மறுநாள் அவள் வார்திஸுக்காக வைத்திருந்த பெட்டியைப் பிரித்து, புதுச் செயின்களை எண்ணெயில் நனைத்துக்கொண்டிருந்தபோது மனூசோஸ் பக்கத்தில் வந்து நின்றான். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான்.

"பழசுல ஒண்ணும் கெடலேன்னியே. எதுக்குப் புதுசு?"

"அடிவாங்கின செயினை நான் திரும்ப மாட்ட மாட்டேன்."

"நான் என்ன பிடிக்கணும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் வேறெங்கோ பார்த்தான். "அந்தச் சக்கரத்தைப் பிடி. அசைக்காத," என்றாள்.

புதுச் செயினில் சில கண்ணிகள் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். கிராங்கில் இருக்கிற புள்ளிக்கு நேராக ஒன்று, பம்பு சக்கரத்தின் புள்ளிக்கு நேராக ஒன்று. அவள் கீழ்ச்செயினைச் சக்கரத்தின் மேல் படியவைத்துக்கொண்டே வந்தாள். ஒரு புள்ளி சேர்ந்தால் இன்னொன்று நழுவியது. மனூசோஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். குட்டி போடத் திணறுகிற ஆட்டுக்குள் கைவிட்டுத் திருப்புகிறபோது அவன் நிற்கிற நிற்பு அது.

"இந்தப் பக்கம் தொய்வு இருக்கக் கூடாது," என்றாள். "இழுக்கிற பக்கம் எப்பவும் விறைப்பா இருக்கணும். தொய்வெல்லாம் டென்ஷனர் பக்கம் போயிரணும். விரலை வச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தான். "கம்பி மாதிரி இருக்கு."

"இப்ப கண்ணி புள்ளிக்கு நேரா வந்துச்சா?"

"வந்துருச்சு."

"உன் கண்ணுக்கு வந்துச்சா, என் மனசு குளிரச் சொல்றியா?"

அவன் குனிந்து, லைட்டைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். "வந்துருச்சு, ரொதாந்தி. நேருக்கு நேர்."

மேல்செயினுக்கு நேரம் பிடித்தது. கேம் ஷாஃப்டுகள் இரண்டும் முரண்டுபிடித்தன. ஒன்றை ஸ்பேனரால் அவன் பிடித்துக்கொள்ள, மற்றதை அவள் ஒரு நூல் அளவு திருப்பிச் சக்கரத்தைச் செருகினாள். டென்ஷனரை அமுக்கிக் குத்தியிருந்த ஊசியை உருவியதும் அது சடக்கென்று முன்னால் வந்து செயினை அணைத்துக்கொண்டது. அந்தச் சத்தம் ரொதாந்திக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த நேரத்திலும் பிடித்தது.

"இப்ப கையால சுத்திப் பாக்கணும்," என்று நீள ஸ்பேனரை அவனிடம் கொடுத்தாள். "ரெண்டு முழுச் சுத்து. எங்கயாவது முட்டினா நிறுத்திரு. பலத்தைக் காட்டாத."

"நான் எப்ப பலத்தைக் காட்டினேன்?"

"பிறந்ததுல இருந்து."

அவன் சுற்றினான். பாரமாகவும் மெதுவாகவும் சுற்றியது. ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை அழுத்தி ஏறுகையில் அவன் தோள் இறுகி, அது தாண்டியதும் தளர்ந்தது. ரொதாந்தி கண்ணை மூடிக்கொண்டு இன்ஜினின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். எங்கேயும் இரும்பு இரும்பைத் தொடவில்லை. சுற்று முடிந்தபோது சக்கரங்களின் புள்ளிகள் எல்லாம் போன இடமெல்லாம் போய்விட்டுத் தத்தம் இடத்தில் வந்து நின்றன.

மனூசோஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன தடவையும் இப்படித்தான் பாத்தியா?"

"இப்படித்தான் பாத்தேன்."

மூடிக்குப் பசை தடவும்போதும், அது காயட்டும் என்று காத்திருந்தபோதும், ரேடியேட்டரைத் தூக்கிவைக்கும்போதும் கூடவே நின்றான். மறுநாள் சாவியைத் திருப்பச் சொன்னபோது, நீயே திருப்பு என்று ஒதுங்கிக்கொண்டான். அவள் திருப்பினாள். எண்ணெய் ஏறுகிறவரை ஒரு சின்ன முனகல், பிறகு தடதடவென்று ஒரே சீரான ஓட்டம். மேல் முற்றத்துக்காரி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ரொதாந்தி வேண்டுமென்றே கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடவிட்டாள். வெட்கம் எதுக்கு, அது அவளுடைய வேலை.

*

ஞாயிற்றுக்கிழமை பட்டியில் ஆட்டு மணிச் சத்தமும் கத்தரிச் சத்தமும் ஒன்றையொன்று அமுக்கப் பார்த்தன. கால் கட்டிய ஆடுகளை மடியில் சாய்த்துப்போட்டு, கழுத்திலிருந்து ரோமத்தைப் போர்வையைப்போல ஒரே விரிப்பாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். கல்குடிசைப் பக்கம் கொப்பரையில் ஆட்டுக்கறி வெந்து, அந்தச் சாற்றிலேயே அரிசி கொதித்தது. எலுமிச்சையும் வெண்ணெயும் புகையும் கலந்த வாசனைக்கு நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டே சுற்றின. மேட்டின் விளிம்பில் வந்தவர்களின் பிக்கப்புகள் வரிசையாக, எல்லாம் மூக்கை மேலே பார்த்து நீட்டிக்கொண்டு நின்றன.

மனூசோஸும் ரொதாந்தியும் ரொட்டியும் ராக்கியும் ஏற்றிக்கொண்டு கடைசியாக வந்தார்கள். வண்டி கலகலப்பு இல்லாமல் மேடேறி வந்ததை எல்லோரும் கவனித்தார்கள். மனூசோஸ் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினான். இன்ஜினை அணைப்பதற்கு முன்னால் கையைக் கீழே கொண்டுபோய் ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கர்ர்ர்ர்ரக் என்று அது பட்டி முழுக்கக் கேட்டது.

கத்தரிகள் நின்றன. யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"என்ன சிந்தெக்னே," என்றான் வார்திஸ், மடியில் இருந்த ஆட்டை விடாமல், "டவுன்ல டாக்சி ஓட்டப் போறியா? சொல்லியிருந்தா வெள்ளைச் சட்டை எடுத்துக் குடுத்திருப்பேன்ல."

"சும்மா இருப்பா," என்றான் இன்னொருவன். "செயின் திரும்பவும் கழண்டு விழுந்தா வண்டி ஓடிப்போயிராம இருக்கக் கட்டிப்போடுறான்."

இதற்குச் சிரிப்பு இன்னும் கூடியது. ரொதாந்தி ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கொப்பரைப் பக்கம் நடந்தாள். முகம் சுட்டது. கூடையைக் கலியோப்பியின் பக்கத்தில் இறக்கிவைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

மனூசோஸ் வண்டியை விட்டு இறங்கினான். கதவைச் சாத்தவில்லை. சிரிப்பு அடங்குகிற வரைக்கும் பானெட்டில் சாய்ந்து நின்றான். அவன் தலைகுனிந்தோ பல்லிளித்தோ நின்றிருந்தால் சிரிப்பு இன்னும் நீண்டிருக்கும். ஆட்டுக் கிடா வாங்கிவந்து காட்டுகிறவன் நிற்கிற மாதிரி நின்றான்.

"செயின் கழண்டு விழல," என்றான். "பல்லு தாண்டுச்சு. தாண்ட வச்சது நான்."

மனூசோஸ் வண்டி வரிசையைக் கையால் காட்டினான்.

"நீங்க எல்லாம் நிறுத்தியிருக்கீங்களே வரிசையா, இப்படித்தான் நானும் நிறுத்தினேன். மூட்டையோட, மேட்டுல, கியர்ல. அந்தப் பாரம் பூரா செயின்ல தொங்கும். அதுவும் பின்பக்கமா. மாட்டின நாள்ல இருந்து ஒரு ராத்திரி விடாம அந்தச் செயினை நான் தூக்குல போட்டுருக்கேன். எனக்குத் தெரியாது. என் பொண்டாட்டி கண்டுபிடிச்சா."

"கம்பெனிச் செயின் தாங்குச்சே," என்றான் வார்திஸ். ஆனால் முன்னைப்போலச் சத்தமாகச் சொல்லவில்லை.

"அப்ப நான் மூட்டை ஏத்தல, வார்திஸ். பட்டிய மேல மாத்தின பிறகுதான ஏத்துறேன். நீயும்தான் ஏத்துற. உன் வண்டி எதுக்கு இப்பக் கலகலங்குது?" மனூசோஸ் பானெட்டை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். "நான் அவ்வளவு பாடு படுத்தியும் ரெண்டு வருஷம் ஓடிச்சு. ஒரே ஒரு பல்லுதான் தாண்டிச்சு, ஒரு வால்வு வளையல. மாட்டினவ கை அப்படி. வேற எவன் கையா இருந்தாலும் முதல் குளிர்காலத்துலயே இன்ஜின் தூள் தூளாப் போயிருக்கும். இந்த மலையில இவளை மாதிரி இன்ஜின் கட்டுறவ இன்னொருத்தி இல்ல. இன்னொருத்தனும் இல்ல. எனக்கு வண்டி நிறுத்தத் தெரியல, அதை எவ்வளவு வேணா பேசிக்குங்க. அவ வேலையைப் பத்தி இனிமே பேசாதீங்க."

அப்புறம் வார்திஸ் மடியில் இருந்த ஆட்டை அவிழ்த்துவிட்டான். பாதி கத்தரித்த ரோமம் பின்னால் இழுபட அது ஓடியது. அவன் எழுந்து தன் வண்டியிடம் போனான். உள்ளே தலையை விட்டு எதையோ துழாவினான். பலமாக ஒரு இழுப்பு இழுத்தான். முறிகிற சத்தம் கேட்டது. துருப்பிடித்த ஹேண்ட் பிரேக் நெம்புகோலைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் திரும்பி நின்றபோது, இந்தத் தடவை முதலில் சிரித்தவள் கலியோப்பி.

அவன் சிரிக்கவில்லை. கொப்பரை வரைக்கும் வந்து, அந்த இரும்பை ரொதாந்தியின் காலடியில் வைத்தான்.

"சிந்தெக்னிசா. நாளைக்கு வண்டியக் கொண்டு வரட்டுமா?"

"உன் செயினை எங்க வண்டியில மாட்டிட்டேன். புதுசு வரவழைக்கணும். காத்திருக்கணும்."

"காத்திருக்கேன்."

"என் வண்டியும் காலையில ஒரு மாதிரி சத்தம் போடுது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எனக்கு ஹேண்ட் பிரேக் கேபிள் இருக்கான்னே தெரியல," என்றது இன்னொன்று.

"ஒவ்வொருத்தரா வாங்க," என்றாள் ரொதாந்தி. "இப்ப கத்தரிங்க. சோறு குழையப்போகுது."

மனூசோஸ் அதற்குள் ஒரு ஆட்டைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டு மும்முரமாகக் கத்தரிக்கத் தொடங்கியிருந்தான். யாரையும் பார்க்கவில்லை. காது இரண்டும் நன்றாகச் சிவந்திருந்தன. அப்படி ஒரு பேச்சை அவன் கல்யாணத்தன்றுகூடப் பேசியதில்லை. தன் கையைப் பற்றி ரொதாந்திக்கு எப்போதும் பெருமைதான். இன்றைக்கு அவனைக் கட்டிக்கொண்டதைப் பற்றி அதைவிடப் பெருமையாக இருந்தது. கொப்பரையிலிருந்து ஒரு தட்டுச் சோறும் மேலே நல்ல கறித்துண்டும் போட்டுக்கொண்டு, அத்தனை ஆண்களையும் தாண்டி நடந்துபோய் அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். அவன் கை இரண்டும் ஆட்டுப் பிசுக்காக இருந்ததால், முதல் கவளத்தை அவளே ஊட்டினாள். ஊரே பார்த்தது. அவன் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான்.